வலையும் இழையும்: யாழ்ப்பாணக் கரையோரத்தில் நைலோனின் வருகை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டின் பொருளாதார வரலாறு பேசப்படும் இடங்களிற் புகையிலையும் பனையும் வெங்காயமும் அரசாங்க உத்தியோகமுமே பெரும்பாலும் முதலிடம் பெறுகின்றன. குடாநாட்டைச் சூழ்ந்து கிடக்கும் கடலும், அக்கடலை நம்பி வாழும் மக்களும், அவர்தம் தொழிற்கருவிகளும் அவ்வரலாற்றின் ஓரத்திலேயே நிற்கின்றன. தொழிற்கருவிகளுள்ளும் வள்ளம், கட்டுமரம், இயந்திரப் படகு ஆகியவை ஓரளவு கவனம் பெற்றனவாயினும், மீனைப் பிடிக்கும் வலையும் அவ்வலையை ஆக்கிய நூலும் அத்தகைய கவனத்தைப் பெற்றனவல்ல. ஆயினும், 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் குருநகர், பாசையூர், நாவாந்துறை, காரைநகர், மயிலிட்டி, வல்வெட்டித்துறை, பருத்தித்துறை முதலிய கரையூர்களின் தொழில் வாழ்வில் நிகழ்ந்த மாற்றங்களுள் நூலில் நிகழ்ந்த மாற்றம் மிக ஆழமானதொன்று எனக் கருத இடமுண்டு.

ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலத்துள் பருத்தி நூலும் சணல் நூலும் பின்தள்ளப்பட, நைலோன் நூல் அவற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. பழைய பொருள் போய்ப் புதிய பொருள் வந்தது என்று கூறி இம்மாற்றத்தை முடித்துவிடுதல் போதாது. இழையொன்றின் வலிமை அது எப்பொருளாலானது என்பதில் மாத்திரம் தங்கியிருப்பதன்று. அப்பொருளின் நுண்கூறுகள் எத்திசையில், எவ்வாறு ஒழுங்குபட்டுள்ளன என்பதிலும் தங்கியுள்ளது. அவ்வொழுங்கை ஆக்குபவர் யார், எவ்விடத்தில் ஆக்குகிறார், எவ்விசையைக் கொண்டு ஆக்குகிறார் என்னும் வினாக்களை எழுப்பினால், வலையின் வரலாறு தொழிலறிவு ஒன்று கைமாறிய வரலாறாகத் தோன்றுவதைக் காணலாம். அக்கைமாற்றத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கையால் வந்த ஒழுங்கு

நைலோனுக்கு முற்பட்ட காலத்திற் கடலின் இயல்புக்கும் மீனின் இனத்துக்கும் ஏற்பப் பல்வேறு வலைகள் குடாநாட்டில் வழங்கின. ஆழங்குறைந்த பரவைக்கடலிற் சிறகுவலையும் வீச்சுவலையும் பயன்பட்டன. மணற்பாங்கான நீண்ட கரைகளிற் சம்மாட்டிமாரின் கரைவலைகள் பலர் கூடி இழுக்கப்பட்டன. திருக்கைக்கும் நண்டுக்கும் இறாலுக்கும் தனித்தனி வலைகளும் பொறிகளும் இருந்தன. கண்ணின் அளவும் நூலின் பருமனும் வலைக்கு வலை வேறுபட்டனவேனும், வலைக்குப் பருத்தியும் சணலும், கயிற்றுக்குத் தென்னந்தும்பும் என அவை யாவும் தாவர நாரினால் ஆனவை.

தாவர நார் குறுகியது. பஞ்சிழை ஒன்றின் நீளம் ஏறத்தாழ 2 அல்லது 3 சென்ரிமீற்றர் மாத்திரமே. இத்துணைக் குறுகிய இழைகள் பல பாகம் நீளமான நூலாக இணைந்து, துள்ளும் மீனின் விசையைத் தாங்குவது எங்ஙனம்? இழைகளை ஒரே திசையில் நெறிப்படுத்தி, இழுத்து, முறுக்குவதனாலேயே அது கைகூடுகின்றது. முறுக்கேறிய நூலை இழுக்கும்போது இழைகள் ஒன்றையொன்று நெருக்குகின்றன. நெருக்கம் மிகுந்தோறும் உராய்வும் மிகுகின்றது. உராய்வு மிகுந்தோறும் இழை இழையை விட்டு வழுக இயலாதாகின்றது. முறுக்கிய நூல்கள் சிலவற்றைப் புரிகளாகச் சேர்த்து எதிர்த்திசையில் மீண்டும் முறுக்கும்போது, ஒன்றின் முறுக்கு மற்றொன்றின் முறுக்கைக் குலையவிடாது காக்கின்றது. இவ்வாறு ஒழுங்கற்ற பஞ்சுத் திரளில் ஒழுங்கை ஏற்றியது மனிதக் கையின் இழுவையும் முறுக்குமேயாகும்.

நூல் கடையிலிருந்து வாங்கப்பட்ட இடங்களிலுங்கூட அதன்பின் நிகழ்ந்த வேலைகள் கரையிலேயே நிகழ்ந்தன. புரி சேர்த்தல், வலை ஊசி கொண்டு கண்கண்ணாக முடிதல், மிதப்பும் பாரமும் கட்டுதல், கிழிந்த இடங்களைப் பொத்துதல் ஆகிய யாவும் கரையூர்க் குடும்பங்களின் அன்றாட வேலைகள். கடலுக்குச் செல்ல இயலாத முதியோரும் வீட்டிலிருந்த பெண்களும் இவற்றிற் பங்குகொண்டனர்.

இவற்றோடு வலையை அழுகாமற் காக்கும் வேலையும் இருந்தது. பருத்தியும் சணலும் செலுலோசு என்னும் பொருளாலானவை. நீரில் வாழும் நுண்ணுயிர்கள் அதனை உண்டு அழிக்கவல்லன. இதனைத் தடுக்கும் பொருட்டு மரப்பட்டைகளை அவித்த சாயத்திலும் பனிச்சங்காய்ச் சாற்றிலும் வலைகள் தோய்க்கப்பட்டன. அவற்றிலுள்ள துவர்ப்புப்பொருள் நாரிற் படிந்து நுண்ணுயிர்களைத் தடுத்தது. தொழில் முடிந்து கரையேறிய வலையை ஒவ்வொரு முறையும் விரித்து உலர்த்துதலும், குறித்த கால இடைவெளியில் மீண்டும் சாயமேற்றுதலும் இன்றியமையாதனவாயின. ஒழுங்கை ஆக்கும் அறிவும் அதனைக் காக்கும் அறிவும் ஆக இரண்டும் அன்று கரையிலேயே இருந்தன என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது.

கரைக்கு வந்த புதிய நூல்

இரண்டாம் உலக யுத்தத்தின் பின்னர் உலகின் மீன்பிடித் தொழிலிற் செயற்கை இழைகள் விரைந்து பரவின. யப்பானிய மீன்பிடித் தொழில் 1950களிற் பருத்தி வலையைக் கைவிட்டு நைலோன் முதலிய இழைகளுக்கு மாறத் தொடங்கியது. இலங்கையிலும் அதே தசாப்தத்தில் மீன்பிடிப் படகுகளை இயந்திரமயமாக்கும் முயற்சியோடு நைலோன் வலைகளும் அறிமுகமாயின. 1960களில் அவை பரவலாயின. குடாநாட்டுக் கரைகளும் இம்மாற்றத்துக்கு விலக்காகவில்லை.

புதிய நூலின் நன்மைகள் வெளிப்படையானவை. நுண்ணுயிர்கள் அதனை உண்பதில்லையாதலின் அது அழுகுவதில்லை. சாயமேற்றும் தேவையும் நாள்தோறும் உலர்த்தும் தேவையும் நீங்கின. அதே வலிமைக்கு மிக மெல்லிய நூல் போதுமாயிற்று. நூல் மெல்லிதாகவே நீரில் அது மீனின் கண்ணிற் படுவது குறைந்தது. பருத்தியின் அடர்த்தி நீரினதைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்காக, நைலோனின் அடர்த்தி 1.14 மடங்கேயாதலின் வலை இலேசானது. நைலோன் நீரை அதிகம் உறிஞ்சாதாகையால் நனைந்த வலையின் பாரமும் குறைந்தது. மேலும், மீன் மோதும்போது நூல் சற்று நீண்டு, பின் மீண்டும் சுருங்கும் இயல்பு செவுள்வலைத் தொழிலுக்கு மிகவும் பொருந்தியது.

புதிய நூல் புதிய இடர்ப்பாடுகளையும் கொண்டுவந்தது. பருத்தி நூலில் நன்றாக இறுகி நின்ற முடிச்சு வழுவழுப்பான நைலோனில் வழுகியது. ஆதலால் இரட்டை முடிச்சு வேண்டப்பட்டது. பருத்தி நனைந்தால் வலிமை கூடும். நைலோனோ நனைந்தாற் சிறிது வலிமை குன்றும். வெயிற்படின் நைலோன் மெல்ல நலிவடையுமாதலால், வலையை வெயிலில் விரித்த பழைய வழக்கத்துக்கு மாறாக நிழலிற் காக்க வேண்டியதாயிற்று. கொதிநீரிலிட்டால் நூல் சுருங்கியது. இவை யாவற்றினும் மேலாக, வலை காசு கொடுத்து வாங்கும் பண்டமாயிற்று. உழைப்பாற் பெற்றதைக் கடனாற் பெறவேண்டிய நிலை பல குடும்பங்களுக்கு ஏற்பட்டது.

கொதிநீரில் நூல் சுருங்குவது ஏன்? முடிச்சு வழுகுமளவுக்கு வழுவழுப்பான ஓரிழை இத்துணை வலிமை பெற்றது எங்ஙனம்? கரையில் எவரும் இதனை முறுக்கி வலிமையேற்றவில்லை. ஆகவே வலிமை வேறெங்கோ ஏற்றப்பட்டிருத்தல் வேண்டும். இவ்வினாக்களுக்கான விடை யாழ்ப்பாணத்துக்குத் தொலைவில், அதற்குச் சில தசாப்தங்களுக்கு முன்னரே தேடப்பட்டது.

உருகலும் இழுவையும்

நார், இறப்பர், பட்டு போன்ற பொருட்கள் மிக நீண்ட சங்கிலி மூலக்கூறுகளாலானவை என்னும் கருத்தை ஜேர்மானிய இரசாயனவியலாளர் ஹேர்மன் ஸ்ரௌடிங்கர் 1920 இல் வெளியிட்டார். பலர் அதனை ஏற்க மறுத்தனர். 1953 இலேயே அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இலங்கைப் பாடநூல்களிற் பல்பகுதியம் எனப்படுவது இத்தகைய சங்கிலி மூலக்கூறுகளாலான பொருளேயாகும். ஸ்ரௌடிங்கரின் கருத்தைச் செய்து காட்டி நிறுவ முனைந்தவருள் முதன்மையானவர் அமெரிக்காவின் டியூபொன்ற் நிறுவனத்திற் பணியாற்றிய வொலஸ் கறோதேர்ஸ் ஆவார்.

1930 இற் கறோதேர்சின் குழுவைச் சேர்ந்த யூலியன் ஹில் தாம் ஆக்கிய உருகிய பல்பகுதியமொன்றிற் கோலை நுழைத்து வெளியே இழுத்தபோது அது நூலாக நீண்டது. அந்நூல் குளிர்ந்தபின் அதனை மீண்டும் இழுத்தபோது வியப்பானதொரு செய்தி புலப்பட்டது. அது அறுந்துபோகாமல், ஓரிடத்தில் மெலிந்து, அம்மெலிவு நூல் முழுவதும் பரவ, பன்மடங்கு நீண்டது. நீண்டபின் முன்னிலும் மிக வலிதாயிற்று. இழுக்குமுன் நொறுங்கத்தக்கதாயிருந்த பொருள் இழுத்தபின் பட்டின் பளபளப்பும் வலிமையும் பெற்றது. அன்றைய பொருள் தாழ்ந்த வெப்பநிலையிலேயே உருகியமையால் துணிக்கு உதவவில்லை. எனினும் இழுவையே இழையை ஆக்குகின்றது என்னும் உண்மை அன்று தெளிவாயிற்று. 1935 பெப்ரவரி 28 இல் நைலோன் 66 ஆக்கப்பட்டபோது அதே உண்மை அதற்கும் பொருந்தியது. 1938 இல் ஜேர்மனியிற் போல் ஷ்லாக் வேறொரு வழியில் நைலோன் 6 ஐ ஆக்கினார். பிற்காலத்து மீன்வலைகளிற் பெரும்பங்கு பெற்றது இந்த நைலோன் 6 ஆகும். கறோதேர்ஸ் தம் கண்டுபிடிப்புச் சந்தைக்கு வருமுன்னரே, 1937 இல், காலமானார்.

உருகிய நிலையிற் சங்கிலி மூலக்கூறுகள் சிக்குண்ட நூற்பந்துகள் போலச் சுருண்டு கிடக்கின்றன, எத்திசைக்கும் சிறப்பில்லை. உருகல் மிகச் சிறு துளைகளினூடே தள்ளப்படும்போது, துளையின் சுவரை அடுத்த படை மெல்லவும் நடுவிலுள்ள படை விரைந்தும் நகர்கின்றன. ஒரு படை மற்றொரு படையின்மேல் வழுகிச் செல்லும் இத்தகைய ஓட்டத்தை வழுகு பாய்ச்சல் எனக் குறிக்கலாம். வழுகும் படைகளுக்கிடையே அகப்பட்ட சங்கிலிகள் ஓரளவு பாய்ச்சலின் திசைக்குத் திரும்புகின்றன. துளையை விட்டு வெளியேறியதும் இழை விரைந்து சுற்றியெடுக்கப்படுவதால் மேலும் நீள்கின்றது. இறுதியாக, குளிர்ந்த இழை வேறுபட்ட வேகத்திற் சுழலும் உருளைகளுக்கிடையே நான்கு அல்லது ஐந்து மடங்காக இழுக்கப்படுகின்றது. இவ்வேளையிற் சங்கிலிகளின் பளிங்குப் பகுதிகள் உடைந்து இழையின் அச்சு வழியே மீள அமைகின்றன; அடுத்தடுத்த சங்கிலிகளை ஐதரசன் பிணைப்புக்கள் பக்கவாட்டிற் பிணைக்கின்றன. பருத்தி நூலில் முறுக்கும் உராய்வும் செய்த வேலையை நைலோனில் இழுவையும் பிணைப்பும் செய்கின்றன.

கொதிநீரிலிட்ட நூல் சுருங்குவதன் காரணமும் இதுவே. இழுவையால் நீட்டப்பட்ட சங்கிலிகளின் பளிங்கற்ற பகுதிகள் வெப்பத்தால் அசையும் சுதந்திரம் பெற்றதும் தம் பழைய சுருண்ட நிலைக்குத் திரும்ப முயல்கின்றன. இழை தன்மேல் நிகழ்ந்த இழுவையை மறப்பதில்லை எனலாம். வலை ஆலைகளில் முடிச்சிட்ட வலையை இழுத்துப் பிடித்து வெப்பமூட்டி நிலைப்படுத்தும் வழக்கம் இந்நினைவைத் தணித்து முடிச்சை இறுக்குவதற்கேயாகும்.

பாய்ச்சல் எழுதும் அமைப்பு

பாய்ச்சல் பொருளின் நுண்கட்டமைப்பை மாற்றுகின்றது என்பது நைலோன் ஆலைகளின் அனுபவத்திலிருந்து விளங்கியதாயினும், அது எவ்வாறு மாற்றுகின்றது என்பதை நைலோனிற் படிப்படியாகக் காண்பது கடினமாயிருந்தது. நைலோன் இழையிற் பளிங்குப் பகுதியும் பளிங்கற்ற பகுதியும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. உருகல் உறைதலும் இழுபடுதலும் நொடிப்பொழுதில் நிகழ்கின்றன. இதனைத் தெளிவாகக் காண வேறொரு பொருள் தேவைப்பட்டது. அப்பொருள் பிளொக் கோபொலிமர் என வழங்கும் தொகுதிப் பல்பகுதியமாகும்.

தொகுதிப் பல்பகுதியத்தின் ஒவ்வொரு சங்கிலியும் ஒருவகை அலகுகளாலான ஒரு நீண்ட தொகுதியையும் வேறுவகை அலகுகளாலான மற்றொரு தொகுதியையும் கொண்டது. எண்ணெயும் நீரும் போல இவ்விரு தொகுதிகளும் ஒன்றையொன்று விலக்குகின்றன. ஆயின் ஒரே சங்கிலியிற் பிணைபட்டிருத்தலின் அவை முற்றாகப் பிரிந்து போக இயலாது. ஆதலால் அவை மிகச் சிறிய அளவிலேயே பிரிந்து, அவற்றின் விகிதத்துக்கேற்பக் கோளங்களாகவோ உருளைகளாகவோ தட்டுக்களாகவோ அமைகின்றன. இவற்றின் அளவு பொதுவாக ஒரு மில்லிமீற்றரின் இலட்சத்தில் ஒரு பங்கு முதற் பல பங்கு வரையாகும். 1956 இல் மைக்கல் ஷ்வார்ஸ் வெளியிட்ட, வளர்ச்சி ஓயாத சங்கிலிகளை ஆக்கும் முறை இத்தகைய பொருட்களைத் திட்டமிட்டு ஆக்க வழிவகுத்தது. 1960களின் நடுப்பகுதியிற் பொலிஸ்ரைரீனும் பொலிபியூற்றாடையீனும் இணைந்த, உருக்கி வார்க்கத்தக்க இறப்பர் சந்தைக்கு வந்தது. பாதணி அடிகளுக்கு அது பெரிதும் பயன்பட்டது.

இப்பொருளைச் சும்மா உருக்கி ஆறவிட்டால், உருளைகள் சிறு சிறு திரள்களாக, ஒவ்வொரு திரளும் வெவ்வேறு திசை நோக்கி அமைகின்றன. இங்கிலாந்தின் பிறிஸ்ரல் பல்கலைக்கழகத்திற் பேராசிரியர் அன்ட்றூ கெல்லரும் அவர்தம் குழுவினரும் இதனைக் குழாயினூடே தள்ளிப் பின்னர் வெப்பத்திற் பதப்படுத்தினர். 1970 இல் அவர்கள் வெளியிட்ட முடிவு பலரையும் வியக்கவைத்தது. பொலிஸ்ரைரீன் உருளைகள் யாவும் பாய்ச்சலின் திசையில், அறுகோண ஒழுங்கில், ஒரே பளிங்கினைப் போல, கண்ணாற் காணத்தக்க பருமனுள்ள துண்டு முழுவதும் அணிவகுத்து நின்றன. உருளைகளின் திசையில் அத்துண்டு விறைப்பாகவும், குறுக்குத் திசையில் இறப்பர் போல நெகிழ்வாகவும் இருந்தது. ஒரே பொருள் பாய்ச்சலின் பயனாக இருவேறு இயல்புகளைக் காட்டியது.

1979 இற் பிரான்சின் ஸ்ற்றாஸ்பேர்க் நகர ஆய்வாளர்கள் இதனையொத்த பொருளொன்றை இரு தட்டுக்களுக்கிடையே வைத்து முன்னும் பின்னுமாக அசைத்து, அவ்வழுகு பாய்ச்சலினாலும் அத்தகைய ஒழுங்கைப் பெற்றனர். 1992 இல் அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தோர் மேலும் நுட்பமான உண்மையொன்றைக் கண்டனர். தட்டு வடிவில் அமையும் தொகுதிப் பல்பகுதியத்தை அசைக்கும்போது, தட்டுக்கள் வழுகும் தளத்துக்குச் சமாந்தரமாகவும் அமையலாம்; பாய்ச்சலின் திசை மாறாதிருக்க, அத்தளத்துக்குச் செங்குத்தாக எழுந்தும் நிற்கலாம். எது நிகழும் என்பது அசைவின் வேகத்திலும் வெப்பநிலையிலும் தங்கியுள்ளது. 1994 இற் கலிபோர்னியாத் தொழில்நுட்ப நிறுவகத்தில் இரங்கராமானுஜம் கண்ணனும் யூலியா கோண்பீல்டும் பொருளினூடே ஒளியைச் செலுத்தி, அமைப்புத் திரும்பும் போக்கை அது திரும்பும் வேளையிலேயே தொடர்ந்து அளந்தனர்.

இவ்வாய்வுகளிலிருந்து பெறப்படும் பொது உண்மைகள் மூன்று. முதலாவது, ஒழுங்கு பொருளின் இரசாயன அமைப்பிலிருந்து மாத்திரம் வருவதன்று. அப்பொருள் கடந்து வந்த பாய்ச்சலிலிருந்தும் வருகின்றது. இரண்டாவது, பாய்ச்சலின் வேகமும் வெப்பமும் மாறினால் விளையும் ஒழுங்கும் மாறும். மூன்றாவது, பொருள் தன் பாய்ச்சலை நினைவில் வைத்திருக்கும். போதிய வெப்பம் மாத்திரமே அந்நினைவை அழிக்கும். குருநகர்க் கரையில் ஒருவர் கையிலெடுக்கும் நைலோன் நூலில் இம்மூன்றுமே உள்ளன. வேறுபாடு யாதெனின், பருத்தி நூலின் ஒழுங்கைக் கரையிலிருந்தவர் கண்ணாற் கண்டார், கையால் ஆக்கினார், குலைந்தவிடத்து மீளவும் ஆக்கினார். நைலோனின் ஒழுங்கோ கண்ணுக்குப் புலப்படாத அளவில், தொலைதூர ஆலையொன்றில், அவர் அறியாத வேகத்திலும் வெப்பத்திலும் ஆக்கப்பட்டுக் கரைக்கு வந்தது.

மீண்டு வந்த பாதி

இக்கைமாற்றத்தை ஓரளவேனும் திருப்ப முனைந்த முயற்சியாகச் சீநோர் திட்டத்தைக் கொள்ளலாம். 1956 இல் நோர்வே நாட்டுக்குச் சென்ற யாழ்ப்பாணத்தவரான அந்தோனி இராஜேந்திரமும், நோர்வேயைச் சேர்ந்த ஆர்னே பியோர்தொவ்றும் முன்னின்று, நோர்வே மக்களின் நன்கொடைகளைக் கொண்டு 1960களின் பிற்பகுதியில் இத்திட்டத்தைத் தொடங்கினர். காரைநகரிற் கண்ணாடி நார்ப் படகுகளைக் கட்டும் தளமும் குருநகரில் வலை ஆலையும் இதன் பயனாக எழுந்தன. கண்ணாடி நாரையும் பிசினையும் படைபடையாக அடுக்கிப் படகு கட்டுவதும், நைலோன் நூலை இயந்திரத்தால் முடிந்து வலையாக்குவதும் குடாநாட்டு இளைஞர்க்கும் பெண்களுக்கும் பழக்கமான தொழில்களாயின. நோர்வேத் தமிழர் குடியேற்றத்தின் தொடக்கமும் இத்தொடர்போடு பிணைந்தது என்பது தனியாக ஆராயத்தக்கது.

இம்முயற்சியின் சிறப்பை மறுப்பதற்கில்லை. வலை முடியும் வேலை மீண்டும் கரைக்கு வந்தது, வேலைவாய்ப்பும் வந்தது. ஆயின் மீண்டு வந்தது பாதியே. குருநகர் ஆலை நூலை வலையாக்கியது, பல்பகுதியத்தை நூலாக்கவில்லை. உருகலைத் துளையினூடே தள்ளி, இழுத்து, ஒழுங்கேற்றும் படி குடாநாட்டுக்கு அப்பாலேயே நின்றுவிட்டது. காங்கேசன்துறையிற் சீமெந்தும், குடாநாட்டுக்குத் தெற்கே பரந்தனில் எரிசோடாவும் குளோரீனும் உற்பத்தியான காலத்திற் பல்பகுதியத் தொழிலொன்று வடபுலத்தில் எழுந்திருக்கலாம் என எண்ண இடமுண்டு. அதற்குரிய காலம் கிட்டுமுன்னரே யுத்தம் வந்தது.

1974 இல் யாழ்ப்பாணத்திற் பல்கலைக்கழக வளாகம் நிறுவப்பட்டதும் இவ்விடத்து நினைவுகூரத்தக்கது. பௌதிகமும் இரசாயனமும் கற்பிக்கப்பட்ட அவ்வளாகத்துக்கும் குருநகர் ஆலைக்கும் இடைப்பட்ட தூரம் சில கிலோமீற்றர் மாத்திரமே. தகைப்பு, விகாரம், பாகுநிலை என விரிவுரை மண்டபத்திற் பேசப்பட்டவை வலையாலையின் அன்றாடப் பிரச்சினைகளேயாகும். அறிவு அவ்விரு இடங்களுக்கும் இடையே தாராளமாகப் போய்வருவதற்கு வேண்டிய அமைதியான ஆண்டுகள் குடாநாட்டுக்குக் கிட்டவில்லை.

அழியாமையின் விலை

1980களிலிருந்து கடலிற் செல்வதே பெரும்பாலும் தடைக்குட்பட்டதாயிற்று. 1990 இல் மயிலிட்டி மக்கள் இடம்பெயர்ந்தனர். வடபுலத்தின் முதன்மையான மீன்பிடித் துறைமுகங்களுள் ஒன்றாகிய அது 2017 இலேயே மக்களிடம் மீளக் கையளிக்கப்பட்டது. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலையும் 1990 இல் இயக்கம் நின்றது. 1995 இன் இறுதியில் வலிகாமம் முழுவதும் வெறிச்சோடியது. பொருட்போக்குவரத்துத் தடைகளும் மின்சாரமின்மையும் குடாநாட்டின் எல்லாத் தொழில்களையும் முடக்கின. தொலைவிலிருந்து வரும் நூலை நம்பிய தொழில், பாதை மூடப்பட்டதும் எவ்வளவு எளிதில் நிலைகுலையும் என்பதை அவ்வாண்டுகள் உணர்த்தின. 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை வடமராட்சிக் கரையைத் தாக்கியபோது எஞ்சியிருந்த படகுகளும் வலைகளும் அழிந்தன. அதன்பின் படகும் வலையும் உதவிப் பொருட்களாகவே வந்து சேர்ந்தன.

2009 இல் யுத்தம் முடிந்தபின் கடல் படிப்படியாகத் திறந்துவிடப்பட்டது. ஆயின் தமிழ்நாட்டுக் கரையிலிருந்து வந்த இழுவைப் படகுகள் இரவோடிரவாக வலைகளை அறுத்துச் சென்றன என்னும் முறைப்பாடு வடபுலக் கரைகளில் ஓயாது எழுந்தது. இழுவை மடியின் பாரத்தையும் விசைப்படகின் இழுவையையும் எந்தச் செவுள்வலையும் தாங்காது. 2017 இல் இலங்கைப் பாராளுமன்றம் அடித்தள இழுவை மீன்பிடியைச் சட்டத்தால் தடைசெய்தது. இருகரையிலும் வாழ்பவர் தமிழ் பேசும் மீனவரே என்பதும், இருவர் கையிலும் இருப்பது செயற்கை இழையாலான வலையே என்பதும் இப்பிரச்சினையின் துயரத்தை மிகுவிக்கின்றன. ஒரு பெரிய வலையை இழப்பவர் இழப்பது ஒருநாள் வருவாயை அன்று. கடனைத் தீர்க்க வேண்டிய பல மாதங்களையாகும். பருத்தி வலையைக் கரையிலேயே மீள முடிந்துகொள்ளலாம் என்ற நிலை மறைந்ததன் விலை இதிற் புலனாகின்றது.

இன்னொரு விலையும் உண்டு. அறுந்து கடலிற் கிடக்கும் பருத்தி வலையை நுண்ணுயிர்கள் சில காலத்துள் அழித்துவிடும். நைலோன் வலையை அவை தொடுவதில்லை. வெயில் எட்டாத ஆழத்திற் கிடக்கும் நைலோன் வலை நெடுங்காலம் மீனையும் ஆமையையும் எவர்க்கும் பயனின்றிச் சிக்கவைத்துக் கொண்டிருக்கும். சங்கிலிகளை அணிவகுக்கச் செய்து பெற்ற உறுதியும் நுண்ணுயிர் தொடாத இயல்பும் கரையில் நன்மையாகவும் கடலடியில் தீமையாகவும் மாறின.

முடிவுரை

வலையின் கதை மூன்று காலங்களைக் கொண்டது. முதலாவது காலத்தில் ஒழுங்கு கையால் வந்தது. அறிவு கரையில் இருந்தது. இரண்டாவது காலத்தில் ஒழுங்கு பாய்ச்சலாலும் இழுவையாலும் வந்தது; அறிவு தொலைவில் இருந்தது. குருநகர் ஆலை தொடக்கி வைத்த மூன்றாவது காலம் இன்னும் நிறைவெய்தவில்லை. பழைய பருத்தி வலைக்குத் திரும்புதல் இயலாது. திரும்ப வேண்டுமென்று கரையில் எவரும் கேட்பதுமில்லை. வேண்டப்படுவது, கையிலிருக்கும் இழை ஏன் வலிது, எதனால் நலியும், எவ்வாறு நீடிக்கும், எவ்வாறு அழியும் என்னும் அறிவு கரைக்கு மீள வருவதேயாகும்.

வலையை வெயிலில் விரிக்காதே என்று முதியவர் இளையவர்க்குச் சொல்லும் சொல்லில் அவ்வறிவின் ஒரு துளி ஏற்கனவே உண்டு. அத்துளியைப் பெருக்கும் கடமை கரையோரத்துக்கு அண்மையில் நிற்கும் பல்கலைக்கழகத்துக்கும், அங்கு தமிழில் அறிவியலை எழுத முனைவோர்க்கும் உரியது. மண்டபத்திற் பேசப்படும் பல்பகுதியமும் கரையிற் பொத்தப்படும் வலையும் ஒரே பொருளே என்பதை இரு சாராரும் உணரும்போதே யாழ்ப்பாணத்து வலையின் வரலாறு முழுமை பெறும்.